மான் தீவும் அதன் தாய்மொழியும்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலே கிடக்கும் கடலை ஐரிஷ் கடல் என்பர். அக்கடலின் ஏறத்தாழ நடுவிலே, 33 மைல் நீளமும் 13 மைல் அகலமுமாக ஒரு தீவு அமைந்திருக்கின்றது. அதற்கு மான் தீவு என்று பெயர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் புள்ளிமானையும் கவரிமானையும் நினைவூட்டினும், தீவின் பெயருக்கும் அவ்விலங்குக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றிலிருந்து அது பிறந்தது என்பது மொழிநூலார் பலரின் கருத்து. தீவினரைக் கேட்டாலோ, மனனான் என்னும் கடற்றெய்வம் ஆண்ட தீவாதலின் அப்பெயர் பெற்றது என்பர். பகைவர் கப்பல் கண்ணிற்பட்டபோதெல்லாம் அத்தெய்வம் தன் மூடுபனிப் போர்வையை விரித்துத் தீவை மறைத்துவிடுமாம். விலங்குகளைப் பற்றிச் சொல்வதாயின், வாலில்லாத பூனையும் நான்கு கொம்புடைய கபிலநிறச் செம்மறியாடும் இத்தீவுக்குப் பேர்போனவை. போதாக்குறைக்கு, வனவிலங்குக் காட்சிச்சாலையிலிருந்து தப்பிய அவுஸ்திரேலிய வலபிகள் வடபகுதிச் சதுப்பு நிலத்திலே பெருகி வாழ்கின்றன. மானைத்தான் நான் காணவில்லை.

பூகோளப் படத்தைப் பார்ப்போர் இத்தீவை இங்கிலாந்தின் ஒரு துண்டு என்றே எண்ணுவர். அது பிழை. மான் தீவு ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்ததன்று. பிரித்தானிய மன்னர் இங்கே 'மான் பிரபு' என்னும் பட்டத்தோடு தலைவராக விளங்குகிறார். பாதுகாப்பும் வெளிநாட்டுறவும் இலண்டனின் பொறுப்பு. மற்றெல்லாவற்றையும் தீவின் பாராளுமன்றமே கவனித்துக்கொள்கிறது. நாணயமும் முத்திரையும் தீவுக்கே உரியவை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறக்குறைய 84,000 பேர். இச்சிறு கூட்டத்தாரைத்தான் மாங்க்ஸ் மக்கள் என்றும், அவர்தம் முன்னோர் பேசிய மொழியை மாங்க்ஸ் மொழி என்றும் உலகம் வழங்குகின்றது. அம்மொழி இறந்ததா, இறக்கவில்லையா என்பது பற்றி ஒரு வழக்கு நடந்தது. மொழி கற்பித்துப் பிழைப்பவனாகிய என்னை அத்தீவுக்கு இழுத்துச் சென்றது அவ்வழக்கே.

இங்கிலாந்தின் வடமேற்கிலே வாழும் என் தம்பியின் வீட்டிலே ஒரு விடுமுறையைக் கழித்தபோது, ஹேஷம் துறைமுகத்திலிருந்து கப்பலேறினேன். 1830ஆம் ஆண்டு தொடங்கிய நீராவிக்கப்பற் கம்பனியே இன்றும் அப்பயணத்தை நடத்துகின்றது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். கடல் அமைதியாயிருந்தது; ஆயினும் தீவை நெருங்கும்போது மலைகள் இருக்க வேண்டிய இடத்திலே வெண்பனி மட்டுமே நின்றது. மனனான் என்னையும் பகைவனென்று கருதிவிட்டார் போலும்.

தலைநகரின் பெயர் டக்ளஸ். பிறைவடிவான கடற்கரையும், அதன் ஓரமாக வரிசையாய் நிற்கும் பழைய விடுதிகளும், 1876ஆம் ஆண்டுமுதல் ஓடுகின்ற குதிரை ட்ராம் வண்டியும் அந்நகரின் அழகுகள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் ஆயிரம் ஆயிரமாக விடுமுறைக்கு வந்து குவிந்த இடம் அது. இன்று அவ்விடுதிகள் பல, வங்கிகளும் காப்புறுதி நிலையங்களுமாக மாறிவிட்டன. ஜூன் மாதத்திலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயம் நடைபெறும். 37 மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதையைச் சுற்றிச் சுற்றி உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவர். அதனைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர், நான் எழுதவில்லை.

ஸ்னேஃபெல் என்னும் மலைதான் தீவின் உச்சி. உயரம் 621 மீற்றர். நம் பிதுருதலாகலையின் காற்பங்குதான். 1895ஆம் ஆண்டிலே போடப்பட்ட மின்சாரப் பாதை அதன் உச்சிவரை செல்கின்றது. அங்கே நின்று பார்த்தால் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, மான் என்னும் ஐந்து நாடுகளையும், அவற்றோடு கடலரசன் நாட்டையும் விண்ணுலகையும் சேர்த்து ஏழு இராச்சியங்களைக் காணலாம் என்பது தீவினர் பெருமை. வானம் வெளுத்த நாளாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் மெல்லிய குரலிற் சேர்த்துக்கொள்வர்.

இத்தீவின் வரலாற்றை அறியப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஊர்ப்பெயர்ப் பலகைகளே போதும். ஸ்னேஃபெல் என்றால் பனிமலை. லக்ஸி என்றால் சாமன் மீன் ஓடும் ஆறு. இவை நோர்வேயிலிருந்து 9ஆம் நூற்றாண்டளவிற் கப்பலேறி வந்த வைக்கிங்குகள் இட்ட பெயர்கள். டக்ளஸ் என்பதோ கருநீரோடை என்று பொருள்படும் கேலிக்குச் சொல். 'பல்லா' என்று தொடங்கும் ஊர்களை எண்ணி முடியாது. அச்சொல் குடியிருப்பையும் பண்ணையையும் குறிப்பது. வைக்கிங்குகள் வருமுன்னரே அயர்லாந்திலிருந்து இங்கே வந்து வேரூன்றிய மொழி அது. ஐரிஷ் மொழியும் ஸ்கொத்லாந்தின் கேலிக்கும் மாங்க்ஸும் ஒரு வயிற்றிற் பிறந்த மூன்று சகோதரிகள்.

மனிதர் பெயர்களும் அவ்வாறே. கேலிக்கிலே 'மக்' என்றால் மகன். மாங்க்ஸ் நாவிலே அந்த 'மக்' தேய்ந்து அதன் கடைசி ஒலிமட்டும் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதனாலேதான் தீவிலே கெலி, குவெய்ல், குவேர்க், கேர்மோட், கோர்லெட் என்று ககரத்திலே தொடங்கும் குடும்பப் பெயர்கள் மலிந்திருக்கின்றன. இவற்றுள் கோர்லெட் என்பதன் வால் நோர்வே மொழி, தலை கேலிக். ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே பெயருக்குள்ளே குடித்தனம் நடத்துகின்றனர்! 'மக்' என்பதும் நமது 'மகன்' என்பதும் ஒன்றென நிறுவ நம்மவர் எவரேனும் புறப்படக்கூடும். வேண்டாம், ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது.

டின்வோல்ட் என்னும் தீவின் பாராளுமன்றமும் வைக்கிங்குகள் விட்டுச்சென்ற செல்வமே. 'கூட்டம் கூடும் வெளி' என்பது அச்சொல்லின் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது கூடிவருவது என்று தீவினர் கூறுவர்; 1979ஆம் ஆண்டிலே அதன் ஆயிரமாண்டு விழாவையும் கொண்டாடினர். நிலவுடைமையுள்ள, மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் 1881ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை கொடுத்த மன்றம் இது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூலை 5ஆம் திகதி சென் ஜோன்ஸ் என்னும் ஊரிலே இம்மன்றம் திறந்தவெளியிற் கூடுகின்றது. வட்ட வட்டமாக நான்கு படிகள் அமைந்த ஒரு மண்மேடு. 17 கோவிற்பற்றுகளிலிருந்தும் மண் கொணர்ந்து குவித்தது என்பது ஐதிகம். அருகிலுள்ள தேவாலயத்திலிருந்து மேடுவரையுள்ள பாதையிலே பச்சைக் கோரைப்புல்லைப் பரப்பியிருந்தனர். மனனானுக்கு மக்கள் கொடுத்த வருடாந்த வாடகை ஒருகட்டுக் கோரைப்புல் என்று பழங்கதை சொல்கின்றது. கிறிஸ்தவ நாட்டிலே, கிறிஸ்தவ வழிபாடு முடிந்து வரும் ஆளுநரும் அத்தியட்சரும் பழைய கடற்றெய்வத்தின் புல்லை மிதித்துக்கொண்டு நடந்து செல்வது கண்கொள்ளாக் காட்சி. ஆண்டிலே நிறைவேறிய சட்டங்களின் சுருக்கத்தை மேட்டின்மேல் நின்று ஆங்கிலத்திலும் மாங்க்ஸிலும் வாசிப்பர். பதினெட்டு மாதங்களுக்குள் இவ்வாறு மக்கள் முன் அறிவிக்கப்படாத சட்டம் செல்லாததாகிவிடும். முறைப்பாடு உடைய எவரும் அன்று மேட்டின் அடிவாரத்துக்கு வந்து மனுக் கொடுக்கலாம்.

அன்று அக்கூட்டத்திலே நின்ற எனக்கு, சட்டங்கள் மாங்க்ஸிலே ஒலித்தபோது சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்க்கத் தோன்றியது. பெரும்பாலோர் மரியாதையோடு கேட்டுக்கொண்டு நின்றனர், விளங்கிக்கொண்டோர் சிலரே. பொருள் விளங்காத மந்திரத்துக்குத் தலைவணங்கி நிற்கும் அடியார்போல அவர்கள் நின்றனர். அவர்களுடைய பாட்டன்மாரின் பாட்டன்மாருக்கு அது அடுப்படிப் பேச்சு!

அந்த நிலை எப்படி வந்தது? வாளால் வரவில்லை. நோர்வே மன்னர் நானூறு ஆண்டளவு ஆதிக்கம் செலுத்தினர்; அவர்கள் மொழிதான் அழிந்தது, கேலிக் நிலைத்தது. 1266ஆம் ஆண்டில் தீவு ஸ்கொத்லாந்தின் கைக்கு மாறியது. பின்னர் இங்கிலாந்தின் கைக்கு வந்தது. 1405 முதல் ஸ்டான்லி குடும்பத்தாரும், அவர்களுக்குப்பின் அதோல் கோமக்களும் பிரபுக்களாயிருந்தனர். அப்பொழுதும் வயலிலும் கடலிலும் மாங்க்ஸ்தான்.

18ஆம் நூற்றாண்டிலே மதகுருமாரே அம்மொழிக்கு எழுத்துலக வாழ்வு கொடுத்தனர். முதன்முதலாக அச்சேறிய மாங்க்ஸ் நூல், அத்தியட்சர் வில்சன் 1707ஆம் ஆண்டில் வெளியிட்ட சமயபோத நூலாகும். அவருக்குப்பின் வந்த ஹில்டெஸ்லி அத்தியட்சர் பிறப்பால் ஆங்கிலேயர். எனினும் தம் மக்கள் வேதாகமத்தைத் தம் மொழியிலேயே கேட்க வேண்டும் என்று துடித்தவர். குருமார் பலருக்கும் பகுதி பகுதியாகப் பங்கிட்டு மொழிபெயர்ப்பித்தார். வேலை முடிந்து கடைசிப் பகுதி கைக்கு வந்த சில நாட்களுக்குள்ளே, 1772 டிசெம்பர் மாதம், அவர் காலமானார்.

அதை அச்சிடும் பொறுப்பிலே ஜோன் கெலி என்னும் இளைஞர் ஈடுபட்டிருந்தார். 1773ஆம் ஆண்டிலே கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அச்சகம் இருந்த வைற்ஹேவன் என்னும் ஆங்கிலத் துறைமுகத்துக்குக் கப்பலேறினார். புயலிலே கப்பல் உடைந்தது. பிரதியைத் தண்ணீர் படாமல் ஐந்து மணி நேரம் உயர்த்திப் பிடித்தபடியே இருந்து அவர் கரையேறினார் என்பது வரலாறு. வையை வெள்ளத்தை எதிர்த்து வந்த ஏட்டின் கதையைச் சிறுவயதிலே கேட்டு வளர்ந்த நமக்கு இந்நிகழ்ச்சி பெரிதும் சுவைக்கும். இங்கே ஏடு தானாக நீந்தவில்லை, மனிதர் கை தாங்கியது, அவ்வளவே வேறுபாடு.

ஆனால், அந்த வேதாகமம் அச்சாகுமுன்னரே மொழியின் அடித்தளம் ஆடத் தொடங்கிவிட்டது. மான் தீவிலே சுங்கவரி குறைவு. அதனாற் பிரெஞ்சு மதுவும் தேயிலையும் புகையிலையும் இங்கே வந்திறங்கி, இரவிலே கள்ளத்தோணிகளில் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் சென்றன. இலண்டன் திறைசேரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 1765ஆம் ஆண்டிலே 70,000 பவுண் கொடுத்து அதோல் கோமகனிடமிருந்து தீவின் ஆட்சியுரிமையை வாங்கிவிட்டது. கள்ளக்கடத்தல் ஒழிந்தது; அதனோடு தீவின் வருவாயும் ஒழிந்தது. இளைஞர் கடல்கடந்து சென்றனர். செலவு குறைந்த வாழ்வு தேடி இங்கிலாந்திலிருந்து பிறர் வந்து குடியேறினர். பின்னர் நீராவிக்கப்பல் வந்தது. விடுமுறைக் கூட்டம் வந்தது. கடை வைத்தவனுக்கும் விடுதி நடத்தியவளுக்கும் ஆங்கிலம் சோறு போட்டது.

மாங்க்ஸ் மொழியால் ஒரு பென்ஸ் காசும் சம்பாதிக்க முடியாது என்ற பேச்சு அக்காலத்திலே தீவெங்கும் வழங்கியது. அதைச் சொன்னவர் ஆங்கிலேயரல்லர். மாங்க்ஸ் தாய் தந்தையரே. தாங்கள் இருவரும் மாங்க்ஸிலே பேசிக்கொண்டு, பிள்ளைகளோடு தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலே பேசினர். பிள்ளைகள் அறியலாகாத செய்திகளைப் பேசுவதற்கு உரிய மறைமொழியாக வீட்டுமொழி மாறிற்று. அவர்களைக் கடிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசைதான் அவ்வாறு செய்யச் சொன்னது. ஆயினும் ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறும் வழி அதுவே என்பதையும் மறைப்பதற்கில்லை. அரசாங்கக் கட்டளை மெல்லச் செய்வதைத் தாயின் ஆசை ஒரே தலைமுறையிற் செய்துவிடுகின்றது.

கணக்கைப் பாருங்கள். 1874ஆம் ஆண்டில் ஹென்றி ஜெனர் என்பவர் ஒவ்வொரு கோவிற்பற்றுக்கும் கடிதம் எழுதி விசாரித்தபோது, டக்ளஸ் நகர் நீங்கலாக 41,000 பேரிலே ஏறக்குறைய 12,000 பேர் மாங்க்ஸ் பேசினர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே அத்தொகை 4,419. 1921இல் ஆயிரத்துக்கும் குறைவு. 1961இல் 165.

தீவின் தென்கோடியிலே, கடலை நோக்கிய மேட்டு நிலத்திலே, கிறெக்னேஷ் என்று ஒரு சிற்றூர் இருக்கின்றது. வெள்ளையடித்த சுவர், வைக்கோல் வேய்ந்த கூரை. கடற்காற்று கூரையைப் பிய்த்தெறியாதபடி கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து, சுவரிலே நீட்டிவிட்ட கல்முளைகளிற் கட்டியிருக்கின்றனர். 1938ஆம் ஆண்டிலே, ஹரி கெலி என்பவர் வாழ்ந்த குடிசையை நூதனசாலையாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். இன்று ஊரின் பெரும்பகுதியும் அவ்வாறே பேணப்படுகின்றது. உள்ளே கரி படிந்த அடுப்பும், நூற்கும் இராட்டினமும், தாழ்ந்த கட்டிலும் இருக்கின்றன. குனிந்துதான் புக வேண்டும்.

இப்பகுதியிலே 1877ஆம் ஆண்டு பிறந்தவர் நெட் மட்றல். வீட்டிலே பிள்ளைகள் பலராதலின், சிறுவன் நெட்டைக் கிறெக்னேஷிலிருந்த தந்தைவழியோ தாய்வழியோ ஆன ஒரு பெரியபாட்டியிடம் வளரவிட்டனர். அம்மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால், அயல்வீட்டுப் பிள்ளைகள் மாங்க்ஸை மறந்துகொண்டிருந்த காலத்திலே, இந்த ஒரு சிறுவன் அதைத் தாய்ப்பால்போல உண்டு வளர்ந்தான். பின்பு மீன்பிடித் தொழிலிலே ஈடுபட்டார். நம் சூடை, சாளை மீன்களின் இனத்தைச் சேர்ந்த ஹெரிங் மீன்தான் அத்தீவினரின் பிழைப்பு. எலியின் பெயரைச் சொன்னாற் கடலிலே கேடு வரும் என்று அஞ்சி 'நீளவாலன்' என்று சொல்லும் செம்படவர் மரபு இன்னும் அங்கே இருக்கின்றது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களும் அச்சொல்லைத் தவிர்ப்பதைக் கண்டேன். மொழி போனாலும் அச்சம் போகவில்லை.

1947ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் பிரதமர் டி வலேரா தீவுக்கு வந்து மட்றலைச் சந்தித்தார். தம் மொழியின் தங்கை மொழியைப் பேசும் முதியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியிருக்க, அவர்கள் குரலை ஒருவரும் ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை என்று அறிந்து வருந்தினார். மறு ஆண்டே ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழுவின் ஒலிப்பதிவு வண்டி, கெவின் டனஹர் என்பவரின் பொறுப்பிலே, மாடேற்றும் கப்பலொன்றில் வந்திறங்கியது. வைக்கோற்கூரைக் குடிசைகளிலே கிழவர் கிழவியர் சொன்ன கதைகளையும் பேச்சையும் இசைத்தட்டிலே பதிந்து சென்றது. அதற்கு முன்பும் நோர்வே அறிஞர் மார்ஸ்ட்ராண்டர் போன்றோர் வந்து பதிந்ததுண்டு. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பதிவு, தீவின் இளைஞர் சிலருக்கு வழிகாட்டியாயிற்று.

இந்த இளைஞர்களைப் பற்றித்தான் நான் விரித்து எழுத விரும்புகிறேன். 1899ஆம் ஆண்டிலே தொடங்கிய மாங்க்ஸ் மொழிச் சங்கம் ஒன்று இருந்தது. அதைச் சார்ந்த வால்ற்றர் கிளார்க், பில் றட்கிளிஃப், டக் ஃபாகர் முதலியோர் 1950களின் தொடக்கத்திலே சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு பண்ணை பண்ணையாகச் சென்றனர். வார விடுமுறைகளிலே முதியோரைத் தேடிச்சென்று, பக்கத்திலிருந்து பேசிப் பேசிப் பழகினர். இவர்கள் பேராசிரியர்களல்லர். ஃபாகர் பழவியாபாரி. அவர் 1953ஆம் ஆண்டிலே, மொழி அழிகின்றதே என்று இரங்கி உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையை டக்ளஸ் நகரத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் வாசித்தான். அவன் பெயர் பிறையன் ஸ்டோவெல். அன்றே மாங்க்ஸ் படிக்க முடிவு செய்தான். பின்னாளிலே லிவர்பூலிற் பௌதிக விரிவுரையாளராக விளங்கிய அவர், ஐரிஷ் மொழியையும் கற்று, ஐரிஷ் பாடநூல் ஒன்றைத் தழுவி மாங்க்ஸ் பாடநூல் ஆக்கினார். மாங்க்ஸ் மொழியின் முதல் நெடுங்கதையையும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது இரத்தங்குடிக்கும் பேய் பற்றிய கதை! புனித வேதாகமத்தோடு உரைநடை கண்ட மொழி, இரண்டரை நூற்றாண்டு கழித்துப் பேய்க்கதையிலே புத்துயிர் பெற்றது. ஃபாகரோ வியாபாரத்துக்கு இடையே ஆண்டுக்கணக்காய் உழைத்து 1979ஆம் ஆண்டில் ஆங்கில மாங்க்ஸ் அகராதியைத் தந்தார்.

1962ஆம் ஆண்டிலே சேஜ் கின்விக் என்னும் மூதாட்டி மறைந்தார். அதன்பின், பிறந்து வளர்ந்த வீட்டிலேயே மொழியைப் பெற்றவராக மட்றல் ஒருவரே எஞ்சினார். காது சற்று மந்தம். ஆயினும் வரும் இளைஞரை வரவேற்றுப் பேசிக் கற்பித்தார். 1974 டிசெம்பர் 27ஆம் திகதி, 97ஆம் வயதிலே, அவரும் மறைந்தார். அறிஞர் உலகம் குறிப்பெழுதி மூடிவிட்டது: மாங்க்ஸ் இறந்த மொழி.

மொழியின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறாமற் போனால் என் தொழிலுக்கு இழுக்கு. மாங்க்ஸிலே வினைச்சொல்தான் வாக்கியத்தின் முதலில் நிற்கும். 'தா ல்யோர் எம்' என்றால், சொல்லுக்குச் சொல், 'இருக்கிறது புத்தகம் என்னிடம்'. புத்தகத்தை 'உடையேன்' என்று ஆங்கிலத்திற்போலச் சொல்லும் வினை அவர்களிடம் இல்லை. பொருள் என்னிடத்தே இருக்கின்றது, அவ்வளவே. தமிழனுக்கு இதைவிட இயற்கையான பேச்சு வேறில்லை. 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்குத் தனிச்சொற்களும் இல்லை, 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்பதுதான் விடை. நன்னூலார் 'நேர்' என்று வகுத்த விடையை இக்கடற்றீவினர் நாள்தோறும் வழங்கினர். இன்னொரு வியப்பு, சொல்லின் முதலெழுத்துத் திரிவது. தீவின் பெயர் 'மன்னின்'. 'மானின் தீவு' என்று ஆறாம் வேற்றுமையிற் சொல்லும்போது 'எல்லன் வன்னின்' என்றாகும். மகரம் வகரமாகிவிடும். நமக்குச் சொல்லின் கடைசியிலே புணர்ச்சி, அவர்களுக்குத் தலையிலே. அகராதி பார்க்கும் மாணவன் படும்பாட்டை எண்ணிப் பாருங்கள்! எழுத்துக்கூட்டலையோ பழைய குருமார் ஆங்கில முறையைத் தழுவி அமைத்துவிட்டனர். ஆதலால் ஐரிஷ்காரன் காதாற் கேட்டு ஓரளவு விளங்கிக்கொள்வதைக் கண்ணாற் பார்த்து வாசிக்க முடியாது திகைப்பான்.

மட்றல் மறைந்தபின்னும் இரவு வகுப்புகள் நின்றுவிடவில்லை. 1985ஆம் ஆண்டிலே டின்வோல்ட் மன்றம் மொழிக்கு ஓரளவு அங்கீகாரம் அளித்தது. 1992ஆம் ஆண்டுமுதல் பாடசாலைகளிலே விரும்பியவர் கற்கும் பாடமாயிற்று. அதற்குப் பொறுப்பான முதல் அதிகாரி, பௌதிகத்தை விட்டுத் தீவுக்குத் திரும்பிய அந்த ஸ்டோவெல்தான். 2001ஆம் ஆண்டிலே எல்லாப் பாடங்களையும் மாங்க்ஸிலேயே கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்று ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கியது. 'பன்ஸ்கொல் கில்கஹ்' என்பது அதன் பெயர். இன்று அது சென் ஜோன்ஸ் ஊரின் பழைய பாடசாலைக் கட்டடத்திலே, டின்வோல்ட் மேட்டுக்கு அணித்தாக, அறுபது எழுபது பிள்ளைகளோடு நடைபெறுகின்றது.

வழக்கு என்று முன்னர்க் குறிப்பிட்டேனே, அதற்கு வருவோம். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகில் ஆபத்துக்குள்ளான மொழிகளின் அட்டவணையை வெளியிட்டது. அதில் மாங்க்ஸ் 'அழிந்தது' என்று குறிக்கப்பட்டிருந்தது. அப்பாடசாலைப் பிள்ளைகள் பேனாவை எடுத்தனர். எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால், இக்கடிதத்தை நாங்கள் எந்த மொழியில் எழுதுகின்றோம் என்று கேட்டு, மாங்க்ஸிலேயே யுனெஸ்கோவுக்கு எழுதினர். அந்நிறுவனம் தீர்ப்பை மாற்றி, 'பெரும் ஆபத்தில் உள்ளது' என்னும் வகையிற் சேர்த்தது. எட்டு வயதும் ஒன்பது வயதுமான வாதிகள் உலகப் பெருமன்றத்தின்முன் வென்ற வழக்கு வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

எனினும், எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். இப்பிள்ளைகள் பேசுவது மட்றல் பேசிய மொழிதானா? ஆங்கிலம் பேசும் வீடுகளிலே பிறந்து, மாங்க்ஸைப் பின்னர்க் கற்ற ஆசிரியரிடம் கற்கும் பிள்ளைகளின் நாவிலே ஆங்கில ஒலியும் ஆங்கில வாக்கியப் போக்கும் படிகின்றன என்று மொழிநூலார் குறை கூறுகின்றனர். அது பொய்யன்று. கணினிக்கும் விமானத்துக்கும் புதுச்சொல் ஆக்க வேண்டியிருப்பதும், சில சொற்களை ஐரிஷிலிருந்து இரவல் வாங்குவதும் உண்மை. அறுந்த நூலை முடிந்தால் முடிச்சுத் தெரியத்தான் செய்யும். ஆனால் நூறாண்டுக்கு முந்திய கிழவனின் மொழியை மாறாமற் பேச வேண்டும் என்று எந்தப் பிள்ளையிடம் கேட்கலாம்? என் மாணவர் பேசும் தமிழ் என் பாட்டனார் பேசிய தமிழன்று; அதற்காக அதனைத் தமிழன்று என நான் தள்ளியதில்லை. அன்றியும், மட்றலின் குரல் இசைத்தட்டிலே இருக்கின்றது. ஒலி பிழைத்தால் திருத்துவதற்கு அக்கிழவர் இன்னும் துணை நிற்கின்றார். டி வலேரா வராதிருந்தால், பழவியாபாரியும் நண்பர்களும் விடுமுறையை வீட்டிலே கழித்திருந்தால், அந்த வாய்ப்பும் இராது.

2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாங்க்ஸைப் பேசவோ வாசிக்கவோ எழுதவோ ஓரளவேனும் வல்லவர் 2,223 பேர். சரளமாகப் பேசுவோர் அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே. பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையை முடித்து இடைநிலைப் பாடசாலைக்குப் போனபின் ஒருசில பாடங்களையே மாங்க்ஸிற் படிக்கின்றனர். அதற்குமேல் வேலை, உயர்கல்வி என்று பலர் கடல் கடந்து போய்விடுகின்றனர். அவர்களுட் எத்தனை பேர் தம் குழந்தைகளோடு இம்மொழியிற் பேசப்போகின்றனர் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. அப்படிப் பேசி வளர்க்கும் குடும்பங்கள் சில தீவிலே உண்டு.

திரும்பி வரும் நாளிலே, டக்ளஸ் துறைமுகத்துக்கு அருகே தேநீர்க்கடையிலே ஒரு தந்தையோடு பேச்சுக் கொடுத்தேன். அவர் வங்கி எழுதுவினைஞர். அவருக்கு மாங்க்ஸ் தெரியாது. மகள்மார் இருவரும் சென் ஜோன்ஸ் பாடசாலையிலே படிக்கின்றனர். வீட்டிலே தாம் அறியக்கூடாத செய்தி ஏதேனும் இருந்தால் அவ்விருவரும் மாங்க்ஸிலே பேசிக்கொள்கின்றனர் என்று அவர் முறையிட்டார். பொறுக்க முடியாமல் இரவு வகுப்பிலே பெயரைப் பதிந்துவிட்டாராம். வரும் செவ்வாய்க்கிழமை முதற் பாடம்.